படிகளும் பாதையும்

நூல்களைத் திறனாய்வு செய்யும் வழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றியிருக்கிறது. கவிதையை அலசுகிறோம், புதினத்தை எடைபோடுகிறோம், நாடகத்தின் நிறைகுறைகளைப் பட்டியலிடுகிறோம். ஆனால் நாள்தோறும் நுழைந்து வெளிவரும் கட்டடங்களைத் திறனாய்வு செய்வோர் மிகச் சிலரே. பிடிக்காத நூலை மூடி வைத்துவிடலாம். கட்டடத்தை அவ்வாறு மூடி வைக்க இயலாது. அதற்குள்ளேதான் நாம் கற்கிறோம், உழைக்கிறோம், மருத்துவம் பெறுகிறோம், வழிபடுகிறோம். ஆகவே, நூலைவிடக் கட்டடமே கண்டிப்பான திறனாய்வுக்கு உரியது என்பது நம் கருத்து.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமைக் கட்டடக் கலை அறிஞர் விட்ருவியுஸ் நல்ல கட்டடத்திற்கு மூன்று பண்புகளை வகுத்தார். உறுதி, பயன், அழகு என்பன அவை. உறுதியைப் பொறியாளர் சோதிக்கிறார். அழகைக் கண்ணுள்ளோர் எவரும் மெச்சுகின்றனர். இடையில் நிற்கும் பயன் என்னும் பண்பிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே போய்விடுகிறது. யாருக்குப் பயன்? இவ்வொரு கேள்வியை உரைகல்லாகக் கொண்டு இரண்டு கட்டடங்களை ஈண்டு உரசிப் பார்ப்போம். இரண்டும் அமெரிக்காவில் உள்ளவை. ஒன்று அந்நாட்டின் கிழக்குக் கரையிலும் மற்றொன்று மேற்குக் கரையிலும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான விரிவான உரிமைச் சட்டம் 1990இலேயே அங்கு இயற்றப்பட்டுவிட்டது. அதற்குப் பின்னரே இவ்விரண்டும் எழுந்தன. ஒரே சட்டத்தின்கீழ் எழுந்த இரு கட்டடங்கள் இருவேறு மொழிகளைப் பேசுவது ஏன் என்று அறிந்தால், நம் ஊர்க் கட்டடங்களையும் நம் ஆலயங்களையும் புதிய கண்ணோடு பார்க்க வழி பிறக்கும்.

ஒளி நிறைந்த நூலகம்

நியூயார்க் நகரில் கிழக்கு ஆற்றின் கரையில் ஹன்டர்ஸ் பாயின்ட் பொது நூலகம் 2019 செப்டம்பரில் திறக்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹால் அதனை வடிவமைத்தார். நான்கு கோடி டாலருக்கும் மேல் செலவாயிற்று. சாம்பல் நிறக் கற்காரைப் பெட்டி ஒன்றில் பெரிய பெரிய வளைவுத் திறப்புகளை வெட்டியெடுத்தது போன்ற தோற்றம். உள்ளே நுழைந்தால் ஒளி பொங்கி வழியும். மாடிப்படிகளில் ஏற ஏற ஆற்றின் அப்புறமுள்ள மாநகரின் வானளாவிய கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் விரியும். திறப்பு விழாவை ஒட்டி வந்த பாராட்டுரைகளில் இந்த ஒளியும் இந்தக் காட்சியுமே மேலோங்கி நின்றன. அப்பாராட்டு பொய்யன்று. அது அழகிய கட்டடந்தான்.

ஆனால் அங்குப் பெரியவர்களுக்கான புனைகதை நூல்கள் அடுக்கடுக்கான மூன்று மேடைகளில் வைக்கப்பட்டிருந்தன. அம்மேடைகளுக்குச் செல்லப் படிகள் மட்டுமே இருந்தன. நூலகத்தில் மின்தூக்கி உண்டு. அம்மேடைகளில் அது நிற்காது. சக்கர நாற்காலியில் வருபவர் கீழே நின்று அண்ணாந்து நூல்களின் முதுகைப் பார்க்கலாம், அவ்வளவே. குழந்தைகள் பகுதியிலும் படிப்படியான மர மேடைகளின் மேல்வரிசைகள் இதே நிலையில் இருந்தன. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வரும் தாய்க்கும், மூட்டுவலியுள்ள முதியவருக்கும் இதே இடர்ப்பாடு.

குறை சுட்டப்பட்டபோது முதலில் கிடைத்த மறுமொழி நம் கவனத்திற்கு உரியது. வேண்டிய நூலைச் சொன்னால் பணியாளர் எடுத்துத் தருவார் என்பதே அது. கேட்பதற்கு இனிய விடைதான். ஆனால் நூலகத்தின் இயல்பை அறிந்தோர் இதனை ஏற்க மாட்டார்கள். ஒரு நூலைத் தேடிச் சென்று, பக்கத்தில் இருந்த வேறொரு நூலால் ஈர்க்கப்பட்டு, அதைக் கையோடு வீட்டிற்குக் கொண்டுவருவதே நூலகத்தின் இன்பம். எந்த நூல் வேண்டும் என்று முன்கூட்டியே அறிந்திருப்பவருக்கு மட்டுமே எடுத்துத் தருபவர் உதவ முடியும். அலமாரியின் முன் நின்று, எடுத்துப் புரட்டி, பிடிக்காமல் திரும்ப வைக்கும் உரிமையை எந்தப் பணியாளராலும் எடுத்துத் தர இயலாது. உதவி கிடைப்பது வேறு. உரிமையோடு இருப்பது வேறு. இக்கட்டடம் அவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிவிட்டது.

திறந்த சில வாரங்களிலேயே அந்நூல்களை வேறிடத்திற்கு மாற்றும் முடிவு எடுக்கப்பட்டது. 2019 நவம்பரில் மாற்றுத்திறனாளிகள் தரப்பு நீதிமன்றம் சென்றது. 2024இல் நியூயார்க் மாநகரமே வடிவமைப்பாளர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. பல ஆண்டுத் திட்டமிடலும் பெரும் பொருட்செலவும் வழக்காடு மன்றத்தில் வந்து நின்றன.

சட்டம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் கடந்த பின்னர் இது நிகழ்ந்தது எப்படி? கட்டடத்தின் கருப்பொருளே படியேற்றமாக இருந்தது என்பதே நாம் காணும் காரணம். ஏறுபவரின் கண்ணில் காட்சி விரிய வேண்டும் என்பதுதான் அக்கலைஞரின் கனவு. ஏற இயலாதவர் அந்தக் கனவில் இடம்பெறவே இல்லை. கனவு முழுமையடைந்த பிறகு ஒரு மின்தூக்கி அதனோடு சேர்க்கப்பட்டது. கட்டுரையை எழுதி முடித்த பின் ஓரத்தில் செருகப்பட்ட அடிக்குறிப்பைப் போல அது நிற்கிறது.

சிவந்த சுழல்பாதை

இப்போது மேற்குக் கரைக்குச் செல்வோம். கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் எட் ராபர்ட்ஸ் வளாகம் என்னும் கட்டடம் 2010இல் திறக்கப்பட்டது. இது யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். எட் ராபர்ட்ஸ் தம் 14ஆம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு, கழுத்துக்குக் கீழே ஏறத்தாழ முழுவதும் செயலிழந்தவர். இரவில் இரும்பு நுரையீரல் எனப்பட்ட சுவாசக் கருவிக்குள்தான் உறங்குவார். 1962இல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அக்கருவியைத் தாங்கும் விடுதி அறை எதுவும் இல்லாததால், வளாக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். பணிக்குத் தகுதியற்ற அளவுக்கு ஊனமுற்றவர் என்று அவரை ஒதுக்க முயன்ற மாநில மறுவாழ்வுத் துறைக்கு 1975இல் அவரே இயக்குநராக அமர்த்தப்பட்டார். 1995இல் அவர் மறைந்தார். மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் பல நிறுவனங்கள் ஒரே கூரையின்கீழ் பணியாற்றும் இடமாக அவர் நினைவில் எழுந்ததே இவ்வளாகம்.

தொடர்வண்டி நிலையத்தின் அருகிலேயே இடம் தெரிவு செய்யப்பட்டது. கட்டடத்திற்கு வருவதற்கான பாதையும் கட்டடத்தின் ஒரு பகுதியே என்று அவர்கள் எண்ணியதை இத்தெரிவு காட்டுகிறது. உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் செந்நிறச் சாய்தளம் ஒன்று பெரிய வளையமாகச் சுழன்று மேல்மாடிக்கு ஏறுகிறது. கூரையின் கண்ணாடித் திறப்பிலிருந்து பகலொளி அதன்மீது இறங்குகிறது. பழைய மாளிகைகளில் பளிங்குப் படிக்கட்டு எந்த இடத்தில் அமைக்கப்படுமோ அந்த இடத்தில், அதே பெருமிதத்தோடு, இச்சாய்தளம் நிற்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடந்து செல்லலாம். நடக்க வல்லவர்களும் அதிலேயே நடக்கிறார்கள். மின்தூக்கியை அழைக்கக் கையால் இயலாதவர் காலால் தட்டலாம். அதற்கெனத் தாழ்வான இடத்தில் பொத்தான் உண்டு. பார்வையற்றோர் இடமறிய நீரூற்றின் ஓசையும், காலுக்கும் கைத்தடிக்கும் வேறுபட்டுப் புலப்படும் தரைப்பரப்பும் துணைசெய்கின்றன.

நூலகத்தில் அழகு ஒரு பக்கமும் அணுகுவசதி மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றன. இங்கே அணுகுவசதியே அழகாகிவிட்டது. அச்சிவந்த பாதையை நீக்கிவிட்டால் அக்கட்டடத்திற்கு முகமே இல்லை. எல்லோருக்கும் வழி திறந்தால் கலை கெட்டுவிடும் என்று கூறும் கட்டடக் கலைஞர்களுக்கு இதைவிடச் சிறந்த விடையை நாம் தேட வேண்டியதில்லை. பயன்படுத்தப் போகிறவர்களையே முதலில் அழைத்துக் கேட்டு, அதன்பின் வரைந்ததால் விளைந்த நன்மை இது.

அளவும் நேர்மையும்

இவ்வழியில் சிந்திப்பதற்கு ‘அனைவருக்குமான வடிவமைப்பு’ என்னும் பெயரைத் தந்தவர் ரொனால்ட் மேஸ் என்னும் கட்டடக் கலைஞர். இவரும் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். கட்டடக் கலை பயின்ற பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குச் செல்ல இவரைப் பிறர் படிகளில் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. இவர் தலைமையில் அறிஞர் சிலர் கூடி 1997இல் ஏழு நெறிகளை வகுத்தனர். அவற்றுள் முதலாவது, ஒரே பயன்பாடு எல்லோருக்கும் ஒரே வகையில் கிடைக்க வேண்டும் என்பது. எவரையும் பிரித்து ஒதுக்கும் தனிவாயில் ஆகாது என்பதே அதன் உட்பொருள்.

தமிழில் ‘என் வீட்டு வாசற்படி மிதிக்காதே’ என்று சொன்னால் உறவு முறிந்தது என்று பொருள். படி என்பது வெறும் கல்லன்று. வரவேற்பின் மொழி என்பதை நம் மக்கள் அறிவர். ஆயினும் பொதுக் கட்டடங்கள் பலவற்றில் முகப்பில் அகன்ற படிகளும், பின்புறத்தில் குப்பைத்தொட்டியை ஒட்டிய சாய்தளமும் அமைக்கப்படுகின்றன. அனுமதித்திருக்கிறோம், எதிர்பார்க்கவில்லை என்று அக்கட்டடம் சொல்லாமல் சொல்கிறது.

அச்சாய்தளமும் அளவோடு இருப்பதில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். 15 செ.மீ. உயரமுள்ள ஆறு படிகளின் மொத்த உயரம் 90 செ.மீ.; அதற்குரிய சாய்தளம் ஏறத்தாழ 11 மீட்டர் நீளமும், இடையில் நின்று இளைப்பாறச் சமதளமும் கொண்டிருக்க வேண்டும். நம் ஊர்களில் பல இடங்களில் ஆறு படிகளின் மேலேயே சிமெண்டைக் கொட்டிச் செங்குத்தாக வழித்துவிட்டு அதற்குச் சாய்தளம் என்று பெயரிடுகின்றனர். அது சறுக்குமரம். அதில் தனியே ஏற எவராலும் இயலாது, இறங்கினால் விபத்து. பார்வையிட வரும் அதிகாரிக்குக் காட்டுவதற்காகக் கட்டப்பட்டது, அதிகாரி சென்றதும் தன் பணியை முடித்துக்கொள்கிறது.

மறுபுறம், மனம் இருந்தால் மணலிலும் வழி பிறக்கும் என்பதற்குச் சென்னை மெரினாவே சான்று. அங்கு மாற்றுத்திறனாளிகள் கடலருகே செல்வதற்காக 260 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள நிரந்தர மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தது, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. கட்டினால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும் என்பதை அப்புயல் கற்பித்தது.

சட்டத்தின் முன் நம் ஆலயங்கள்

இனி நம் நாட்டுச் சட்டத்திற்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களின் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம், பொதுக் கட்டடம் என்றால் என்ன என்று வரையறுக்கும்போது, அரசுக் கட்டடங்களோடு தனியார் கட்டடங்களையும் சேர்க்கிறது. கல்விக்கூடம், பணியிடம், வணிக நிலையம், மருத்துவமனை ஆகியவற்றோடு சமயச் செயல்பாடுகளுக்கான கட்டடமும் அவ்வரையறையில் இடம்பெறுகிறது. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுச் சட்டமோ சமய நிறுவனங்களுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் விலக்கு அளித்தது. அந்நாட்டு ஆயர்கள் 1978இலேயே மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய மேய்ப்புப்பணி அறிக்கையில் ஆலயங்களின் அணுகுவசதியை வலியுறுத்தியிருந்தும், சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. நமக்கு அவ்விலக்கு இல்லை. அதனை இழப்பாக எண்ண வேண்டியதில்லை. நற்செய்தி முன்பே நம்மிடம் கேட்டதைச் சட்டமும் கேட்கிறது.

இச்சட்டத்தின்கீழ் 2017இல் வந்த விதிகளில் ஒரு குறை இருந்தது. அவை சுட்டிய அளவுகள் பல, பின்பற்றினால் நன்று என்னும் பரிந்துரையாகவே நின்றன. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் நாள் ராஜீவ் ரதூரி வழக்கில், சட்டம் கட்டாயமாக்கியதை விதி விருப்பமாக்க இயலாது என்று கண்டு, அவ்விதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. கட்டாய அளவுகளை வகுக்குமாறு மைய அரசைப் பணித்தது. பரிந்துரைக்கும் கட்டளைக்கும் உள்ள இந்த வேறுபாடு, திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்குப் புதிதன்று. அன்பைப் பரிந்துரையாக அன்றி, கட்டளையாகவே பெற்றவர்கள் நாம்.

ஆலயம் எழுப்பும் குழுக்களில் இதைப் பேசும்போது மூன்று மறுப்புகள் எழுவதைக் கேட்டிருக்கிறோம். அவற்றையும் எடைபோடுவது திறனாய்வின் கடமை.

நம் பங்கில் அத்தகையோர் எத்தனை பேர் வருகிறார்கள் என்பது முதல் மறுப்பு. வாயிலில் ஒன்பது படிகளை வைத்துவிட்டு உள்ளே வந்தவர்களை எண்ணுவது எவ்வகைக் கணக்கு? வர இயலாதவர் வருகைப் பதிவில் இடம்பெறார். அவர் வீட்டிலேயே நற்கருணை பெறுகிறார். நோயாளிகள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. நோயில்லாத ஒருவரை நோயாளியாக்கியது அவர் உடலன்று. அந்த ஒன்பது படிகள்.

செலவு மிகும் என்பது இரண்டாவது. கட்டி முடித்த பின் இடித்துத் திருத்துவதே பெருஞ்செலவு. வரைபடத்திலேயே அடித்தளத்தின் உயரத்தைக் குறைத்து, வாயிலை 90 செ.மீ. அகலமாக்கி, கழிப்பறையில் சக்கர நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள இடம் விட்டால் கூடுதல் செலவு சிறிதே. கோபுரத்தின் உயரத்தில் ஓர் அடி குறைந்தால் இதற்குப் போதும்.

மூன்றாவது மறுப்பே ஆழமானது. ஏறிச் செல்வது வழிபாட்டின் ஓர் அங்கம் அல்லவா என்பது அது. உண்மைதான். எருசலேமுக்கு ஏறிச் சென்ற பயணிகளுக்கெனத் திருப்பாடல் நூலில் தனித்தொகுதியே உண்டு. பரங்கிமலையில் ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் தம் பொருளால் அமைத்த 160 படிகள் இன்றும் பக்தியின் அடையாளமாக நிற்கின்றன. ஆயினும் அதே மலைக்கு இன்று சாலையும் செல்கிறது. படியேறுவோரின் தவம் அச்சாலையால் குறைவதில்லை. தவம் விரும்பி ஏற்பது. வேறு வழியின்றிச் சுமத்தப்படுவதைத் தவம் என்று அழைத்தல் தகாது.

திருநூலை இன்னும் உற்று நோக்கினால் வியப்பான செய்தி ஒன்று கிடைக்கிறது. பலிபீடத்திற்குப் படிகள் வழியாக ஏறலாகாது என்று விடுதலைப் பயண நூலின் 20ஆம் அதிகாரம் விதிக்கிறது. அங்குக் கூறப்படும் காரணம் உடல் மறைப்பைப் பற்றியது, ஊனமுற்றோரைப் பற்றியதன்று. எனினும் அதன் விளைவாக எருசலேம் கோவிலின் பலிபீடத்திற்குச் சாய்தளமே அமைக்கப்பட்டது. அதன் நீளம் 32 முழம், அகலம் 16 முழம் என்று யூத மரபு நூலாகிய மிஷ்னா பதிவு செய்கிறது. சாய்தளம் இருந்தது. ஆனால் லேவியர் நூலின் 21ஆம் அதிகாரப்படி, ஊனமுற்ற குரு அதில் ஏறிப் பலி செலுத்த இயலாது. பாதை திறந்திருந்தது, மனம் மூடியிருந்தது. நம் திருச்சபையிலும் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, பீடப்பணியைத் தகுந்த முறையில் ஆற்ற இயலாத உடற்குறையைக் குருத்துவத்திற்குத் தடையாகக் கொண்டிருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை.

ஆகவே, சாய்தளம் எங்கே முடிகிறது என்பதும் நம் திறனாய்வில் இடம்பெற வேண்டும். பெரும்பாலான ஆலயங்களில் அது வாயிலோடு முடிந்துவிடுகிறது. வாசகமேடைக்கு மூன்று படிகள். பாடகர் குழுவுக்கு மாடி. ஒப்புரவு அருளடையாளத்திற்கான இடத்தில் சக்கர நாற்காலி நுழையாத கதவு. பங்குப் பேரவை கூடும் அறை மேல்தளத்தில். மாற்றுத்திறனாளி உள்ளே வந்து அமரலாம். இறைவார்த்தையை வாசிக்கவும், பாடவும், பேரவையில் வாதிடவும் இயலாது. நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நிலை வேறன்று. தகுதியால் பணி பெற்ற ஆசிரியருக்கு ஆசிரியர் அறை மாடியில் இருந்தால், அந்தப் பணி ஆணையின் பாதி கிழிந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். வந்து பெறுவதற்கு வழி செய்து, வந்து தருவதற்கு வழி செய்யாத கட்டடம் பாதிக் கட்டடமே.

மத்தேயு நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் இயேசு கோவிலில் வணிகரை விரட்டிய நிகழ்ச்சியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு அடுத்த வசனத்தை மறந்துவிடுகிறோம். பார்வையற்றோரும் கால் ஊனமுற்றோரும் கோவிலுக்குள்ளேயே அவரிடம் வந்தனர் என்று நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். அடைத்து நின்றவை அகற்றப்பட்டதும் முதலில் நிகழ்ந்தது அதுவே.

விட்ருவியுசின் மூன்று பண்புகளுக்குத் திரும்புவோம். உறுதியும் அழகும் நிறைந்த நூலகம் பயனில் இடறியது. சிவந்த பாதை பயனையே அழகாக்கிக் காட்டியது. அடுத்த முறை நம் பங்கில் புதிய ஆலயத்திற்கோ பள்ளிக்கோ மன்றத்திற்கோ வரைபடம் மேசையில் விரிக்கப்படும்போது, கோபுரத்தின் உயரத்தைப் பற்றிய விவாதத்திற்கு முன்னரே, சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரையும், பார்வையற்ற ஒருவரையும், கைத்தடி ஊன்றும் மூதாட்டி ஒருவரையும் அம்மேசைக்கு அழைப்போம். அவர்கள் எந்த வாயிலால் நுழைவார்கள், எதுவரை செல்வார்கள், எங்கே அமர்ந்து எப்பணியை ஆற்றுவார்கள் என்று அவர்களிடமே கேட்போம். அவர்கள் கூறும் விடைகளைக் கேட்ட பின் பொறியாளர் பென்சிலை எடுக்கட்டும்.